எடிட் எண்ணிக்கையை வச்சு மார்க் போடலாமா? விக்கி கிளப் நடத்தறவங்க, பழைய விக்கிக்காரங்க வந்து சொல்லுங்க

வைகைக்கரை:

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில தமிழ் சொல்லிக் குடுக்கறேன். இந்த செமஸ்டர்ல விக்கி கிளப் ஆரம்பிக்கறோம், ரெண்டாம் வருஷப் புள்ளைங்க நாப்பது பேர் கிட்ட பேர் குடுத்திருக்காங்க, விக்கிப்பீடியா, பழைய நூல்களை ஏத்தி வைக்கற விக்கிமூலம் ரெண்டுலயும் வேலை செய்யப் போறாங்க. முடிவுல சான்றிதழ் உண்டு, நல்லா செஞ்ச மூணு பேருக்கு புத்தகப் பரிசும் உண்டு. அந்த "நல்லா செஞ்ச மூணு பேர்" யாருன்னு எப்படி முடிவு பண்றதுங்கறதுதான் என் கேள்வி. துறைக் கூட்டத்துல ஒருத்தர், விக்கியே ஒவ்வொருத்தருக்கும் எத்தனை எடிட்னு கணக்கு காட்டுதே, அதை இறங்குவரிசையில அடுக்கி மேல இருக்கற மூணு பேருக்கு குடுத்துட்டா யாரும் கேள்வி கேக்க முடியாதுன்னாரு, எல்லாரும் சரின்னுட்டாங்க.

எனக்கு மனசு ஒப்பல. எண்ணிக்கைக்கு மார்க் வச்சா என்ன ஆகும்னு எங்க தொழில்லயே பாத்தாச்சு. 2010-ல யுஜிசி ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஏபிஐனு ஒரு மதிப்பெண் கொண்டுவந்துச்சு, கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனைன்னு. அதுக்கப்புறம் காசு கட்டினா என்ன எழுதிக் குடுத்தாலும் போட்டுத் தர்ற ஜர்னல் எத்தனை முளைச்சுதுன்னு ஆசிரியர் வேலையில இருக்கற எல்லாருக்கும் தெரியும். கடைசில 2018 மே மாசம் யுஜிசியே தன்னோட அங்கீகாரப் பட்டியல்ல இருந்து 4,305 ஜர்னலை தூக்க வேண்டியதாச்சு. அந்தப் பழக்கத்தை இந்தப் புள்ளைங்க கிட்ட நானே ஆரம்பிச்சு வைக்க விரும்பல. ஆனா நாப்பது பேரோட எல்லா எடிட்டையும் ஒரே ஆள் உக்காந்து படிக்கவும் முடியாதே. அனுபவப்பட்டவங்க வழி சொல்லுங்க.

மெய்ப்புநேசன்:

மேடம், நான் விக்கிமூலத்துல மெய்ப்பு பாக்கற ஆளு, அந்தப் பக்கத்துல இருந்தே சொல்றேன். தமிழ் இணையக் கல்விக்கழகம் குடுத்த நாட்டுடைமை நூல்கள் ரெண்டாயிரத்துக்கும் மேல அங்க ஏத்தியிருக்கு, எல்லாம் ஸ்கேன் பண்ணி, படத்துல இருக்கற எழுத்தை கணினியே படிச்சு எழுதற ஓசிஆர் போட்டு பக்கம் பக்கமா கிடக்கு. ஒவ்வொரு பக்கமும் முதல்ல சிவப்பு. ஒருத்தர் மூலத்தோட ஒப்பிட்டு படிச்சு திருத்தினா மஞ்சள். வேற ஒருத்தர் மறுபடி படிச்சு ஒத்துக்கிட்டாத்தான் பச்சை. மஞ்சள் ஆக்குன ஆளே பச்சை ஆக்க மென்பொருளே விடாது. இப்ப பாருங்க, பழைய உரைநூல் ஒண்ணுல ஒரு பக்கத்தை ஒழுங்கா மெய்ப்பு பாக்கணும்னா அரை மணி நேரம் கூட ஆகும், அடிக்குறிப்பு இருந்தா இன்னும் கூட. அத்தனையும் சேமிச்சா கணக்குல 1. இன்னொருத்தர் விக்கிப்பீடியாவுல ஹாட்கேட்ங்கற கருவியை வச்சு ஒரு கட்டுரைக்கு பகுப்பு, அதாவது அது எந்த வகைங்கற குறிப்பு, சேக்கறார், ரெண்டு சொடுக்கு, அதுவும் 1.

சரி, எடிட்டை விடு, எத்தனை பைட் சேத்தாங்கன்னு பாக்கலாமேன்னு அடுத்து யாராவது சொல்வாங்க, அதுக்கும் இப்பவே சொல்லிடறேன். ஓசிஆர் அடிக்கடி குழப்பற இடம் ர-வும் துணைக்காலும், அச்சுல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். சிலப்பதிகார உரை ஒண்ணுல "மாணிக்கப் பரல்"னு இருக்க வேண்டியது "மாணிக்கப் பால்"னு விழுந்து கிடக்குதுன்னு வச்சுக்குங்க. பால் சரியான சொல்லுதான், எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. கண்ணகி சிலம்புக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்ச ஒருத்தர் கண்ணுலதான் அது படும். அவர் துணைக்காலை எடுத்துட்டு ர போடறார். யூனிகோடுல ரெண்டும் தலா மூணு பைட். யார் எத்தனை பைட் மாத்தினாங்கன்னு காட்டற அண்மைய மாற்றங்கள் பக்கத்துல அவர் பேருக்குப் பக்கத்துல என்ன வரும்? பூஜ்யம். ஒரு எடிட், பூஜ்யம் பைட். வழக்குரை காதையே அந்தப் பரல்லதான் நிக்குது மேடம்.

செகண்ட்_இயர்:

நான் வேற காலேஜ், ஆனா எங்க கிளப்லயும் இதே பேச்சு ஓடுது அதான் எழுதறேன். மேடம் நீங்க 100 எடிட்டுக்கு சர்டிபிகேட்னு சொன்னா 100 எடிட் கண்டிப்பா வரும், அதுல டவுட்டே இல்ல, ஒரு கமா போட்டு சேவ், அடுத்த வரில ஒரு முற்றுப்புள்ளி சேவ், அப்புறம் அந்த கமா வேணாம்னு எடுத்துட்டு சேவ்... யாரும் ஏமாத்தணும்னு பண்ண மாட்டாங்க, என்ன கேட்டாங்களோ அதை குடுப்பாங்க அவ்ளோதான்.

எனக்கு வேற ஒரு டவுட். நான் ஒரு கட்டுரைன்னா முதல்ல நோட்டுல எழுதி, அப்புறம் விக்கியில எழுதிப் பழகற மணல்தொட்டிப் பக்கத்துல கூட போடாம வேர்டுல அடிச்சு, மேற்கோள் எல்லாம் சரி பாத்து மொத்தமா ஒரே தடவை ஏத்துவேன். முன்தோற்றம் காட்டு பட்டனை பத்து தடவை அமுக்கி பாத்துட்டுதான் சேவ் பண்ணுவேன். அப்ப எனக்கு 1. பக்கத்து சீட்டுக்காரன் ஒவ்வொரு பத்திக்கும் சேவ் பண்றான், அதே நீளக் கட்டுரை, அவனுக்கு 30. இது எந்த ஊர் நியாயம்?

ஆலமரத்தடி_பழசு:

எல்லாரும் ஒரே பக்கமா போறீங்க, நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசிக்கறேன். எண்ணிக்கை ஒண்ணுமே இல்லைன்னு சொல்றது சரியில்ல. ஆங்கில விக்கிப்பீடியாவுல 4 நாளும் 10 எடிட்டும் ஆகாத கணக்கு பூட்டுன பக்கத்துல கை வைக்க முடியாது. சண்டை அதிகமா நடக்கற தலைப்புகள்னா 30 நாளும் 500 எடிட்டும் வேணும். விக்கிப்பீடியாவை நடத்தற விக்கிமீடியா அறக்கட்டளைத் தேர்தல்ல ஓட்டுப் போடவே 300 எடிட் கேக்கறாங்க. இதெல்லாம் ஏன் வச்சாங்க? நேத்து ராத்திரி கணக்கு தொடங்கி இன்னிக்கு காலைல வந்து ஒரு சாதித் தலைவர் பக்கத்தை தலைகீழா மாத்தறவனை வடிகட்டறதுக்கு. ஒவ்வொரு ஆளையும் உக்காந்து படிச்சு முடிவு பண்ண அங்க யாருக்கும் நேரம் இல்ல, அதனால கணினியே பாத்துச் சொல்லக்கூடிய ஒரு எல்லை வேணும். அந்த அளவுக்கு எண்ணிக்கை வேணும்.

அடுத்தது, சின்ன எடிட்டுன்னா மட்டமா பாக்கறீங்க. ராத்திரி பதினோரு மணிக்கு அண்மைய மாற்றங்களை திறந்து வச்சுக்கிட்டு எவனோ ஒரு நடிகர் பக்கத்துல கெட்ட வார்த்தை எழுதிட்டு போனதை பின்னாடியே போய் எடுக்கறவங்களுக்கு ஒவ்வொண்ணும் 1 தான் ஏறும், கணக்கு எகிறும். அவங்க ஒரு கட்டுரை கூட எழுதியிருக்க மாட்டாங்க. ஆனா அவங்க இல்லைன்னா நீங்க வேர்டுல அடிச்சு ஏத்தின கட்டுரை ஒரு வாரம் தாங்காது. கல்யாண வீட்டுல சமையல்காரரை மட்டும் பாராட்டிட்டு இலை எடுத்தவங்களை மறக்கற கதையா ஆயிடக்கூடாது.

ஆங்கில விக்கிப்பீடியாவுலயே அதிக எடிட் வச்சிருக்கற ஸ்டீவன் ப்ரூயிட்டையே எடுத்துக்குங்க. 30 லட்சத்துக்கும் மேல. பாதி தானியங்கிக் கருவியில பண்ணதுன்னு சொல்வாங்க, இருக்கட்டும், அந்த மனுஷன் முப்பதாயிரத்துக்கும் மேல கட்டுரையும் தொடங்கியிருக்கார், அதுல நிறைய, விக்கியில அதுவரை இல்லாம இருந்த பெண்களைப் பத்தினது. 2017-ல டைம் பத்திரிகை இணையத்துல செல்வாக்கான 25 பேர்ல அவரை சேத்துச்சு. எண்ணிக்கை அதிகம்னாலே சந்தேகமா பாக்கறதும் தப்புதான்.

செமிகோலன்:

பழசு அண்ணே சொன்னதுல முதல் பாதி ஒத்துக்கறேன், உள்ள விடலாமா வேணாமான்னு பாக்க ஒரு எல்லை வேணும். ஆனா உள்ள வந்தவங்களை அதே எண்ணை வச்சு வரிசைப்படுத்தி பரிசு குடுக்கறது வேற விஷயம். பரிசுன்னு ஒண்ணு வந்துட்டா அந்த எண்ணோட அர்த்தமே மாறிடுது. எங்க ப்ரோகிராமிங் உலகத்துல நடந்ததை சொல்றேன். டிஜிட்டல்ஓஷன்ங்கற கம்பெனி 2014-ல இருந்து வருஷா வருஷம் அக்டோபர்ல ஹாக்டோபர்ஃபெஸ்ட் நடத்தறாங்க. யாரும் பாத்து மாத்தக்கூடிய திறமூல மென்பொருளுக்கு நாலு புல் ரிக்வெஸ்ட், அதாவது இந்த மாற்றத்தை சேத்துக்குங்கன்னு கோரிக்கை, அனுப்பினா டி-ஷர்ட்னு வச்சிருந்தாங்க. நல்ல எண்ணத்துல ஆரம்பிச்சதுதான். 2020-ல என்னாச்சு, ஆயிரக்கணக்கான பேர் வந்து சம்பந்தமே இல்லாத ப்ராஜெக்ட்ல ரீட்மீங்கற அறிமுக ஃபைலைத் திறந்து தலைப்புக்குப் பக்கத்துல "அமேசிங் ப்ராஜெக்ட்"னு சேத்து அனுப்பறான், இன்னொருத்தன் ஒரு ஸ்பேஸ் சேத்து அனுப்பறான். சம்பளம் வாங்காம ராத்திரி உக்காந்து அந்த ப்ராஜெக்டை பராமரிக்கறவங்க ஒவ்வொண்ணையும் திறந்து பாத்து மூடணும். மாசம் பொறந்து மூணாம் நாளே விதியை மாத்தினாங்க, ப்ராஜெக்ட்காரங்க சம்மதிச்சாத்தான் கணக்குல சேரும்னு. 2023-ல டி-ஷர்ட்டையே நிறுத்திட்டு டிஜிட்டல் பேட்ஜ் ஆக்கிட்டாங்க.

இதுல எனக்கு ஆத்திரம் வந்தது அந்தப் பசங்க மேல இல்ல, நம்ம ஊர்ப் பசங்களும் நிறைய இருந்தாங்க, இந்த ப்ராஜெக்ட் எல்லாம் இருக்கற கிட்ஹப் தளத்துப் பக்கம் முதல் தடவையா வந்தவங்க. ஒரு நல்ல பழக்கத்தோட வாசல்ல வந்து நின்ன புள்ளைங்களுக்கு, எண்ணிக்கைதான் எல்லாம்னு கத்துக்குடுத்து திருப்பி அனுப்பிட்டோம். மேடம் கிளப்ல அது நடக்கக்கூடாது.

வடலி:

ரீச்சர், நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறொன்ரோவில இருக்கிறன். தமிழ் விக்கியைப் பல காலமாப் பாத்துக்கொண்டு வாறன். அங்க தொடக்க காலத்தில மயூரநாதன் ஐயா இருந்தவர், 2003இல வந்து இடைமுகத்தைத் தமிழாக்கி, கட்டிடக்கலை, வரலாறு எண்டு ஒவ்வொண்டாத் தொடங்கி எழுதினவர். 2015க்கான இயல் விருதும் அவருக்குக் குடுத்தவை. அவர் தொடங்கின கட்டுரையள் ஆயிரக்கணக்கில இருக்கு, ஆனா அவரை நாங்கள் மதிக்கிறது எண்ணிக்கைக்காக இல்லை. ஆரும் இல்லாத இடத்தில ஒரு கட்டுரைக்கு எது அளவு, எது நடை எண்டு எழுதிக் காட்டினவர் எண்டதுக்காகத்தான்.

எண்ணிக்கை கூடின ஆக்களால வாற சேதத்தையும் சொல்ல வேணும். ஒரு ஆள் வருவார், இலங்கைக் கட்டுரையளில "யூலை" எண்டு கிடக்கிறதெல்லாம் பிழை எண்டு நினைச்சு "ஜூலை" எண்டு மாத்திக்கொண்டு போவார், "ரொறொன்ரோ"வை "டொராண்டோ" ஆக்குவார். ஒரு பின்னேரத்தில நூறு தொகுப்பு, அதாவது எடிட். எங்கட எழுத்து வழக்கு அது, பிழை இல்லை எண்டு, கட்டுரையைப் பற்றிக் கதைக்கிற பேச்சுப் பக்கத்தில விளங்கப்படுத்தி ஒவ்வொண்டாத் திருப்பிறதுக்கு இன்னொரு ஆளுக்கு ஒரு கிழமை. இப்ப ரெண்டு பேருக்கும் நூறு நூறு. பட்டியலைப் பாத்தா ரெண்டு பேரும் ஒரே தரம்.

இதிலும் பெரிசா ஒண்டு ஸ்கொற்ஸ் மொழி விக்கியில நடந்தது. ஸ்கொட்லாந்தில பேசிற மொழி அது. அமெரிக்காவில இருந்த ஒரு பெடியன் பன்னிரண்டு வயசில தொடங்கி இருபதாயிரத்துக்கு மேல கட்டுரை எழுதி, அங்க நிர்வாகியாவும் வந்திட்டான். அவனுக்கு அந்த மொழி தெரியாது. ஆங்கில வசனத்தை எடுத்து அகராதியப் பாத்துச் சொல்லுச் சொல்லா மாத்தினதுதான். 2020 ஓகஸ்டில ரெடிற்றில ஒருத்தர் கண்டுபிடிச்சு எழுதின பிறகுதான் உலகத்துக்கே தெரிஞ்சது. பெடியன் கெட்டவன் இல்லை, உண்மையான ஆசையிலதான் செய்தவன், அவனைப் பிடிச்சு ஏசினதும் சரியில்லை. ஆனா அத்தினை வரியமா ஒருத்தருமே அவன் எழுதினதை வாசிக்கேல்லை. கணக்கை மட்டும் பாத்து ஆள் நல்லா வேலை செய்யுது எண்டு விட்டிட்டினம். பேசிற சனம் குறைஞ்ச ஒரு மொழிக்கு இதைவிட வேற என்ன கெடுதல் வர வேணும்?

செகண்ட்_இயர்:

வடலி அண்ணா இது எனக்கு தெரியாது, தேடிப் படிச்சேன், பயமா இருக்கு. மொழிபெயர்ப்புக் கருவியில ஒரு பட்டன் அமுக்கினா முழுக் கட்டுரை வந்துடுது இப்ப. அதை அப்படியே ஏத்தறவங்களும் இருக்காங்கதானே

மெய்ப்புநேசன்:

இருக்காங்க தம்பி. தமிழுக்கு இது புதுசும் இல்ல. 2009, 2010 வாக்குல கூகுள் ஆளுங்களை வச்சு தமிழ், தெலுங்கு, வங்காளம்னு பல மொழியில ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்து ஏத்துனாங்க. கட்டுரை எண்ணிக்கையும் நீளமும் கூடுச்சு. படிச்சா மூச்சு முட்டும், வாக்கியம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியாது. அதை திருத்தற வேலை அங்க ஏற்கனவே இருந்த கொஞ்சப் பேர் தலையில வந்து விழுந்துச்சு.

எண்ணிக்கைன்னா இன்னொண்ணு. பிலிப்பைன்ஸ்ல பேசற செபுவானோ மொழி விக்கியில 60 லட்சம் கட்டுரைக்கு மேல, ஆங்கிலத்துக்கு அடுத்த இடம். மிகப்பெரும்பாலும் ஸ்வீடன்காரர் ஒருத்தரோட தானியங்கி எழுதினது, ஊர், ஆறு, மலை, உயிரினம்னு தரவுல இருந்து ரெண்டு மூணு வரி. அந்த மொழி பேசற புள்ளை பாடத்துக்கு ஒண்ணு தேடிப் போனா என்ன கிடைக்கும்னு யோசிச்சுப் பாரு.

செமிகோலன்:

இந்த இழைக்கு ரொம்பப் பொருத்தமா ஒண்ணு, 2006-ல ஆரன் ஸ்வார்ட்ஸ்னு ஒரு ப்ரோகிராமர் பண்ணது. அப்ப விக்கிப்பீடியாவைத் தொடங்கின ஜிம்மி வேல்ஸ் ஒரு கணக்கு சொல்லிட்டிருந்தார், மொத்த எடிட்ல பாதிக்கு மேல 0.7 சதவீதப் பயனர், அதாவது 524 பேர் பண்ணதுதான், அதனால விக்கியை எழுதறது இந்தச் சின்னக் குழுதான்னு. ஸ்வார்ட்ஸுக்கு அப்ப பத்தொம்பது வயசு. அவர் எடிட்டை எண்ணாம, ஒரு கட்டுரையில இப்ப நிக்கற எழுத்து ஒவ்வொண்ணும் யார் எழுதினதுன்னு எண்ணிப் பாத்தார். நடிகர் ஆலன் ஆல்டா பக்கத்தை எடுத்து ஆரம்பிச்சு இன்னும் சில பக்கங்களையும் பாத்தார். கணக்கு தலைகீழா வந்துச்சு. கட்டுரையோட உடம்பை எழுதினவங்க பெரும்பாலும் வெளியாட்கள், ஒரு தடவை வந்து தெரிஞ்சதை முழுசா எழுதிட்டு போனவங்க, பல பேருக்கு கணக்கு கூட கிடையாது. ஆயிரக்கணக்குல எடிட் வச்சிருந்தவங்க அதை ஒழுங்குபடுத்தி, பேர் மாத்தி, பகுப்பு போட்டு வச்சவங்க.

பழசு அண்ணன் சொன்ன ஆட்கள் இவங்கதான், அவங்க வேணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா எடிட் எண்ணிக்கையில வரிசை போட்டா ஒழுங்குபடுத்தறவங்க மட்டும்தான் மேல வருவாங்க. ஒரு சித்த வைத்தியர் வந்து ஒரு மூலிகையைப் பத்தி ஆதாரத்தோட ரெண்டு பக்கம் எழுதிட்டுப் போனா அவர் எங்கயும் தெரிய மாட்டார்.

ஆலமரத்தடி_பழசு:

ஸ்வார்ட்ஸ் கணக்கு நல்ல கணக்கு, ஆனா 2006 ஆங்கில விக்கி அது. தமிழ்ல வெளியாள் வந்து ரெண்டு பக்கம் எழுதிட்டுப் போறது அவ்வளவு நடக்கறதில்ல, இங்க எழுதறவங்களும் ஒழுங்கு பண்றவங்களும் பெரும்பாலும் அதே கையளவு ஆட்கள்தான். அதனால இங்க தொடர்ந்து வர்ற ஆள்தான் முக்கியம். எனக்கு ஒரு மாணவர் 500 எடிட்னு சொன்னா நான் முதல்ல கேக்கறது எத்தனை மாசத்துலன்னு. ஒரே வாரத்துல 500-ன்னா போட்டிக்காக. ஒரு வருஷத்துல பரவலா 500-ன்னா அந்தப் புள்ளை நம்மகூட இருக்கும். எடிட் கணக்கைப் பிரிச்சுக் காட்டற எக்ஸ்டூல்ஸ் கருவியில பேரைப் போட்டா மாசவாரியா, மணிவாரியா காட்டும், நீக்கப்பட்ட பக்கத்துல இருந்த எடிட்டை தனியா காட்டும். நீக்கப்பட்டது அதிகமா இருந்தா என்ன எழுதறாங்கன்னு போய் பாக்கணும்னு அர்த்தம். எண்ணை தூக்கிப் போடாதீங்க, எங்க போய் பாக்கணும்னு அது வழி சொல்லும்.

மெய்ப்புநேசன்:

இதை ஒத்துக்கறேன் அண்ணே. பாக்கப் போறதுக்கு ஒரு வழியா இருந்தா சரிதான். என் பயம் பாக்காமலே முடிவு பண்றதுதான்.

மேடம், போட்டி நடத்தினவங்க என்ன பண்ணாங்கன்னும் பாருங்க. இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கு இடையில நடந்த கட்டுரைப் போட்டியான வேங்கைத் திட்டத்துல குறைஞ்சபட்ச அளவு வச்சிருந்தாங்க, 300 சொல்லாவது வேணும்னு, ஆனா அதோட விடல. ஒவ்வொரு கட்டுரையையும் நடுவர் திறந்து படிச்சு ஏத்துக்கிட்டாத்தான் கணக்கு. 2018-ல தமிழ் ரெண்டாவது வந்துச்சு, பஞ்சாபி முதல். அடுத்த தடவை தமிழ் முதல்ல வந்துச்சு. எண்ணிக்கையிலதான் ஜெயிச்சோம், ஆனா எண்ணிக்கைக்கு முன்னாடி ஒரு மனுஷன் படிச்சான். அந்த நடுவர்கள் பட்ட பாட்டை யாரும் எண்ணல, அது வேற.

வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாளா படிச்சுட்டு இன்னிக்கு துறைத்தலைவர் கிட்ட பேசிட்டேன், அந்தப் பரல் உதாரணத்தை சொன்னதும் அவங்களே பட்டியல் வேணாம்னுட்டாங்க. இப்படி செய்யலாம்னு இருக்கோம், ஓட்டை இருந்தா சொல்லுங்க.

சான்றிதழுக்கு எடிட் எண்ணிக்கை கேக்கப் போறதில்ல, செமஸ்டர்ல எத்தனை வாரம் ஏதாவது ஒரு வேலை செஞ்சிருக்காங்கன்னு மட்டும் பாப்போம். ஒரு வாரத்துல ஒண்ணு செஞ்சாலும் அம்பது செஞ்சாலும் அது ஒரு வாரம்தான். பரிசுக்கு, ஒவ்வொருத்தரும் தான் செஞ்சதுல மூணு மாற்றத்தை தாங்களே தேர்ந்தெடுத்து, வரலாற்றுப் பக்கத்துல இருந்து முன்ன எப்படி இருந்துச்சு இப்ப எப்படி இருக்குன்னு வகுப்புல காட்டி, ஏன் மாத்தினேன், ஆதாரம் என்னன்னு அஞ்சு நிமிஷம் பேசணும். ஒரு எழுத்து மாத்தினதா இருந்தாலும் சரி, கட்டுரையா இருந்தாலும் சரி, தப்பான ஒண்ணை நீக்கினதா இருந்தாலும் சரி. நாப்பது பேருக்கு நாலஞ்சு வகுப்புல முடிஞ்சிடும். விக்கிமூலத்துல ஒருத்தர் மஞ்சள் ஆக்குனதை அடுத்தவர் பச்சை ஆக்கணும், அதனால ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் படிக்காம தப்பிக்க முடியாது.

செகண்ட்_இயர்:

மேடம் சூப்பர். நான் எங்க சார் கிட்ட இந்த லிங்கை அனுப்பறேன். ஒரே ஒரு கேள்வி, பேசவே கூச்சப்படற புள்ளைங்க இருப்பாங்க, நல்லா செஞ்சிருப்பாங்க ஆனா வகுப்புல நின்னு சொல்ல வராது. அவங்க பேச்சுப் பக்கத்துல எழுதி வச்சா ஏத்துப்பீங்களா?

வைகைக்கரை:

கண்டிப்பா ஏத்துக்கறேன்ப்பா. இது எனக்கு தோணவே இல்ல, சேத்துக்கறேன்.

வடலி:

நல்ல திட்டம் ரீச்சர். ஒண்டு சேர்த்துக்கொள்ளுங்கோ, ஒரு பிள்ளையின்ர தொகுப்பை வேற ஆரும் திருப்பினா, அந்தப் பிள்ளை பேச்சுப் பக்கத்தில போய் எப்பிடிக் கதைச்சது எண்டும் பாருங்கோ. கோவிக்காமல் ஆதாரத்தோட கதைக்கத் தெரிஞ்ச பிள்ளை பிறகு நிண்டு பிடிக்கும்.

ஆலமரத்தடி_பழசு:

வாரக் கணக்கு நல்ல யோசனை, எனக்கு திருப்தி. முதல் வகுப்புக்கு முன்னாடி ஒரு விஷயம் கவனிங்க மேடம், இது தெரியாம நிறைய பயிலரங்குல அரை நாள் வீணாப் போகும். ஒரே ஐபியில, அதாவது ஒரே இணைய முகவரியில இருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குதான் புதுசா தொடங்க முடியும். கல்லூரி வைஃபையில நாப்பது பேரும் ஒண்ணா உக்காந்தா ஏழாவது ஆள்ல இருந்து பிழைச்செய்தி வரும். முந்தின நாளே வீட்டுல அவங்கவங்க மொபைல் டேட்டாவுல கணக்கு தொடங்கிட்டு, கடவுச்சொல்லை குறிச்சு வச்சுட்டு, மின்னஞ்சலையும் உறுதிப்படுத்திட்டு வரச் சொல்லுங்க. முடியாதுன்னா தேதியும் கல்லூரி ஐபியும் சொல்லி வரம்பைத் தளர்த்தச் சொல்லி ஒரு வாரம் முன்னாடியே கேக்கணும். தமிழ் விக்கிப்பீடியாவோட பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில எழுதி வைங்க, எப்படி கேக்கறதுன்னு யாராவது எடுத்துக் குடுப்பாங்க.